பதினாலாவது வாரம்

"தூங்கறானுங்க! வேற ஒண்ணும் இல்ல. அங்க அத்தனை பேரும் ஃபைல் மேல தலையை வெச்சுத் தூங்கறானுங்க!"

காலைக் காபி ஆறிவிட்டது. அப்பா ஆறவில்லை.

மகள் செல்போனைக் கீழே வைத்தாள். "'பரிசீலனையில் உள்ளது.' நேத்துப் போட்டிருந்த அதேதான்பா."

ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிய தாளில் பன்னிரண்டு கட்டங்கள். விசா வர எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும் என்று போட்டிருந்ததால், பன்னிரண்டையே கணக்கு வைத்து முன்கூட்டி விண்ணப்பித்திருந்தாள். எல்லாக் கட்டத்தையும் அடித்தாயிற்று. ஓரத்தில் பேனாவால் இன்னும் இரண்டு கட்டம் வரைந்து அதையும் அடித்தாயிற்று.

வேலை கொடுத்த வெளிநாட்டுக் கம்பெனி சேரும் தேதியை ஒரு முறை தள்ளிப் போட்டது. மறுபடி தள்ளாதாம். அடுத்த மாதம் முதல் தேதி போய் நிற்காவிட்டால் வேலை வேறு ஆளுக்கு.

கட்டி வைத்த பெட்டியிலிருந்து மகள் ஒவ்வொரு துணியாக எடுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

"இருபத்துமூணு கிலோ எடை போட்டு வெச்சேன். இப்ப பதினேழு," என்றாள் அம்மா. "இப்படியே போனா பெட்டி மட்டும்தான் ப்ளேன் ஏறும்."

"உனக்கு எல்லாம் விளையாட்டு! இந்த வீட்டுலயே முதல் முதலா ஒருத்தி டிகிரி வாங்கியிருக்கா. ஒரு கையெழுத்துப் போட பதினாலு வாரமா? ஏசி ரூம்ல உக்காந்தா எப்படி வேலை ஓடும்?"

"உங்களுக்கு ஏசி இல்லைன்னு வயித்தெரிச்சல்."

"எனக்கெதுக்குடி ஏசி? டேபிள் ஃபேனை ஒரு தபால் கவர் கட்டு மேல தூக்கி வெச்சிருக்கேன். காத்து நேரா மூஞ்சிக்கு வருது. ஆபீஸ்ல எவனுக்கு அந்தக் கொடுப்பினை?"

செல்போன் சிணுங்கியது. மெயிலைப் படித்த மகளின் முகம் மாறியது.

"என்னம்மா?"

"'உங்கள் பட்டம் உண்மையானதா என்று கேட்டு, ஒன்பது வாரத்துக்கு முன்பே உங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் அனுப்பினோம். பதில் இல்லை. பத்து நாளில் வராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும்.'"

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏங்க, அது உங்க ஆபீஸாச்சே?"

அந்தப் பல்கலைக்கழகத்தில், சான்றிதழ் பிரிவில், அப்பா கிளார்க்.

"எங்க பிரிவேதான்! ஏழு பேர் இருக்கோம். எவன் மேஜைல கிடக்குதுன்னு இன்னிக்குப் பாத்துடறேன். என் பொண்ணு வாழ்க்கைன்னா இளக்காரமா? உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்!"

"சண்டை வேண்டாம்ப்பா. தன்மையா கேளுங்க."

"தன்மையா? அந்தச் சோம்பேறிகிட்டயா?"

சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். மறந்து வைத்த சாப்பாட்டு டப்பாவை அம்மா தெருமுனை வரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மாலை நாலு மணிக்கு மெயில் வந்தது: 'பல்கலைக்கழகத்தின் பதில் கிடைத்தது. ஒரு வாரத்தில் முடிவு தெரிவிக்கப்படும்.'

மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினாள்.

"விடுடி, தலை சுத்துது! போய்த் துணியெல்லாம் பெட்டில வை. இனிமே அதைத் தொட்டே, கையை ஒடிப்பேன்."

ஆறு மணிக்கு வரவேண்டிய அப்பா எட்டு மணிக்கு வந்தார். வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார்.

"ஆளைப் பிடிச்சீங்களாப்பா?"

"பிடிச்சேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல யாரையும் அப்படித் திட்டினதில்ல."

"பாவம்ப்பா. அவருக்கு என்ன கஷ்டமோ."

"ஒரு கஷ்டமும் இல்ல. கொழுப்பு. நல்லா வேணும்."

"நாலு மணிக்கே வேலை முடிஞ்சிருச்சே," என்றாள் அம்மா. "அப்புறம் இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"அதே கட்டுல மொத்தம் இருபத்துமூணு பேரோட லெட்டர். இவளோடது பதிமூணாவது. மேலேருந்து ஒவ்வொண்ணா பதில் அனுப்பினேன். அப்புறம் அடியில பத்து. அதை மட்டும் விடுவானேன்னு முடிச்சுட்டு வந்தேன்."

"நல்லா இருக்கே! முதல்ல நம்ம பொண்ணோடதை உருவ வேண்டியதுதானே?"

"எப்படி உருவறது? மேல இருந்த பன்னிரண்டு பேரும் பெட்டிலேருந்துதானே துணி எடுத்துப் போட்டுக்கிட்டிருப்பாங்க?"

அம்மா துண்டை எடுத்து நீட்டினாள். அப்போதுதான் கவனித்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்க? உங்களுக்குத்தான் காத்து நேரா மூஞ்சிக்கு வருமே?"

அப்பா துண்டால் முகத்தை மூடித் துடைத்தார். துண்டுக்குள்ளிருந்தே பதில் வந்தது.

"இனிமே வராது. ஃபேனைக் கீழே இறக்கிட்டேன்."