படக் கல்லூரியில் ஓர் இடம்

பெல்ட்டின் பக்கிள் பட்டு உதடு கிழிந்தது. உமாபதி அப்போதும் நிறுத்தவில்லை.

"எஞ்சினியருக்குப் படியெண்டு கொலிஜுக்கு அனுப்பினால், படம் எடுக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாறப்போறியோ? இனிப் படமெண்டு வாய் திறப்பியோ?"

"ஓம்," என்றான் மகன் சுஜீவன்.

அந்த ஒரு சொல்லுக்கு இன்னும் நாலு விழுந்தன. தலைமயிரைப் பிடித்து அவன் தலையைச் சுவரில் இடித்தார்.

"பிள்ளை செத்துப்போவான், விடுங்கோ," என்று மனைவி அனுசூயா குறுக்கே பாய்ந்தாள். அவளுக்கும் விழுந்தது.

சுஜீவன் அழவுமில்லை, அப்பனைப் பார்க்கவுமில்லை. புத்தக அலமாரியின் மேல்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் திமிர்தான் உமாபதிக்கு இன்னும் வெறியேற்றியது.

பனி கரையும் காலத்தில் படக் கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீடு இருந்த பியர்பொன்ட்ஸிலிருந்து உமாபதியே காரில் கூட்டிப்போனார். இடமில்லை என்று அவர்கள் சொல்வதைத் தன் காதால் கேட்கவேண்டும் அவருக்கு.

கதவைத் திறந்த பேராசிரியை அவரைக் கண்டதும் திகைத்து நின்றார். பிறகு விரைந்து வந்து இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் படபடத்தார்.

"உங்கள் மகன் அனுப்பிய படத்தில் அப்பாவாக நடித்தது நீங்கள்தானே? நீங்கள் பெல்ட்டை ஓங்கியபோது எங்களில் ஒருவர் பார்க்கமுடியாமல் எழுந்து போய்விட்டார். அவனுக்கு இடம் உறுதி. எத்தனை நாள் ஒத்திகை பார்த்தீர்கள்?"

உமாபதி மகனைத் திரும்பிப் பார்த்தார். அலமாரியின் மேல்தட்டு கண்முன்னே வந்து நின்றது.

சுஜீவன்தான் பதில் சொன்னான்.

"எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து."