துக்க உதவி, ஒருவருக்கு

எந்த வீட்டுக்கு எப்போது என்ன தேவைப்படும் என்று குடும்ப உதவி மையத்து இயந்திரம் முன்கூட்டியே சொல்லிவிடும். ஒருவருக்கு வேலை பறிபோவதற்கு முன்பே அவர் வீட்டுக்கு அரிசி போகும். கொண்டுபோய்க் கொடுப்பவள் வேணி. இந்த ஒரு வருஷத்தில் இயந்திரம் சொன்னது ஒருமுறைகூடத் தவறவில்லை.

இன்றைய பட்டியலில் அவள் வீட்டு விலாசமே இருந்தது. ‘துக்க உதவி, ஒருவருக்கு.’ வீட்டில் இருப்பது அவளும் கணவன் சந்தானமும்தான். மிஞ்சப்போவது யார் என்று போடவில்லை.

மத்தியானமே வீட்டுக்கு வந்தாள். சந்தானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன, சீக்கிரம் வந்துட்டே?”

“சும்மாதான். உள்ள வாங்க, ரசம் வைக்கச் சொல்லித் தரேன்.”

“இப்ப எதுக்கு அது?”

புளியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பிறகு, இன்னொரு தடவை சொல்லித்தர வாய்க்குமா என்று தெரியாமல், ஒவ்வொன்றையும் நிதானமாகச் சொன்னாள்.