மூக்கைப் பார்த்தே சொல்லிவிடுவார்

அருங்காட்சியகத்தின் நாணய நிபுணருக்குப் பக்கவாட்டில் மூக்கின் வளைவு தெரிந்தால் போதும். தேய்ந்துபோன ரோமானியக் காசில் இருப்பது எந்தப் பேரரசர் என்று பட்டென்று சொல்லிவிடுவார்.

அன்று ஒரு பெண் சிரித்த முகத்துடன் எதிரே வந்து நின்று, தட்டிலிருந்து ஒரு காசை எடுத்து நீட்டினாள். "இது யாரு?"

"தாடையோரம் தாடி, தடிச்ச கழுத்து. நீரோ."

"இது?"

"வழுக்கைத் தலை, வளைஞ்ச மூக்கு. வெஸ்பாசியன்."

"சரி, நான் யாரு?"

நிபுணர் பூதக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அவளை நேருக்கு நேர் பார்த்தார். "எங்கயோ பார்த்த மாதிரி இருக்கும்மா. சட்டுன்னு பிடிபடல."

அவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிபுணர் பதறி எழுந்தார். "அடடே, நீயா? கல்யாணமாகிப் பதினெட்டு வருஷமா வீட்ல இப்படித்தானே இருக்க. இன்னிக்குத் திடீர்னு நேரா பார்த்துச் சிரிச்சா எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?"