நன்னெறிப் பாடவேளை

"வேற யாரு சார்? மகதலேனா டீச்சர்தான் போட்டுக் கொடுத்திருக்காங்க. என் கண்ணால பார்த்தேன் லா!"

அறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் புனிதா டீச்சர் இதைச் சொன்னார். தலைமையாசிரியர் திருச்செல்வம் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்தார். கிள்ளானை அடுத்த மேருவில் இருக்கும் அந்தத் தமிழ்ப்பள்ளியை விட்டு, கல்வி இலாகா ஆய்வாளர் கமலநாதனின் கார் அப்போதுதான் வெளியேறியிருந்தது.

"என்ன பார்த்தீங்க?"

"கேண்டீன்ல அவரு போனை நீட்டுறாரு. இவங்க அதைத் தொட்டுத் தொட்டு என்னமோ சொல்றாங்க. அப்புறம் அஞ்சாம் ஆண்டு வகுப்புப் பக்கம் கையைக் காட்டுறாங்க. மனுஷன் நேரா அங்கதான் போனாரு. மத்த வகுப்பை எட்டிக்கூடப் பார்க்கல."

அந்த வகுப்பில் அப்போது கோயில் தொண்டர் ஒருவர் பதிகம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அட்டவணைப்படி அது நன்னெறிக் கல்விக்கான நேரம். சமய வகுப்பைப் பள்ளி முடிந்த பிறகுதான் நடத்த வேண்டும். ஆனால் மணி அடித்ததும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன்கள் கிளம்பிவிடும். மதியத்தில் யார் இருப்பார்கள்? அதனால் வாரத்தில் ஒரு நன்னெறிப் பாடவேளையைத் திருச்செல்வம் சமயத்துக்குக் கொடுத்திருந்தார். ஆசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் வெளியில் சொன்னதில்லை.

சென்ற மாதம்தான் அந்தப் பிள்ளைகள் கிள்ளானில் நடந்த சமயப் பாடல் போட்டியில் முதல் பரிசு வாங்கியிருந்தார்கள். அவர்கள் பயிற்சி செய்வதை அவரே படம் எடுத்துப் பள்ளியின் பேஸ்புக்கில் போட்டு, வந்த வாழ்த்துகளையெல்லாம் மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"பலகையில ஒரு நாள் தேதியும் பாடமும் எழுதலன்னாகூட எங்களை நிக்க வெச்சுக் கேட்பீங்க. இவங்களை மட்டும் சும்மா விடுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, புனிதாவே போய் மகதலேனாவை அழைத்து வந்தார்.

மகதலேனா போர்ட் கிள்ளான் மாதா கோயிலில் கீபோர்டு வாசிப்பவர். போட்டிக்குப் போன பிள்ளைகளுக்குச் சுருதி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

"வகுப்பை இன்னியோட நிறுத்தச் சொல்லிட்டாங்க. நீங்கதான் அவர்கிட்ட சொன்னீங்களா, டீச்சர்?"

மகதலேனா புனிதாவைப் பார்த்தார். பிறகு மேசை மேலிருந்த வெற்றிக் கோப்பையைப் பார்த்தார்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க, சார்?"

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நம்புறேன்."

"கோவம் ஆறட்டும் சார். அப்புறம் பேசலாம்."

"உங்க சாமி பாட்டா இருந்தா இப்படிச் செஞ்சிருப்பீங்களா?"

கேட்ட மறுகணமே அவருக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மகதலேனா தலையை மட்டும் ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போனார்.

அதன் பிறகு ஆசிரியர் அறையில் அவருடைய மேசைப் பக்கம் யாரும் நாற்காலியை நகர்த்தவில்லை. பசியாற வாங்கும் வடைப் பொட்டலம் அவரைத் தாண்டிப் போனது. ஆண்டு முடிவில் அவர் டெங்கில் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். பிரிவு உபசரிப்பன்று திருச்செல்வம் வேறு எங்கோ கூட்டம் என்று சொல்லிப் போய்விட்டார்.

இரண்டு ஆண்டுகள் போயின.

போர்ட் கிள்ளானில் மகதலேனாவின் வீட்டு வாசலில் கூடாரம் போட்டிருந்தது. கூடத்தில், கீபோர்டை ஓரமாக நகர்த்திய இடத்தில் அவர் உடல் இருந்த பெட்டியை வைத்திருந்தார்கள். நோய் அவரைப் பாதியாக்கியிருந்தது. கணவர் மாரிஸ் எழுந்து வந்து திருச்செல்வத்தின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கிறிஸ்மஸும் உங்களுக்குன்னு தனியா பலகாரம் எடுத்து வெச்சா, சார். 'இந்தத் தடவை சார் வருவாரு, பாருங்க'ன்னா."

திருச்செல்வம் பெட்டிக்கு முன்னால் கைகூப்பினார். வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பினார். ஆய்வாளர் கமலநாதன்.

"நல்ல டீச்சர், சார். இவ்வளவு சீக்கிரம் போயிருக்கக் கூடாது."

"வந்து பார்த்திருக்கணும். நாளைக்கு, நாளைக்குன்னே தள்ளிட்டேன்" என்றார் திருச்செல்வம். "அவங்க செஞ்சதை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் சார். அதை நேர்ல சொல்ல முடியாமப் போச்சு."

"என்ன செஞ்சாங்க?"

"எங்க சமய வகுப்பைப் பத்தி உங்ககிட்ட சொன்னாங்களே, அதைத்தான்."

கமலநாதன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். பிறகு பைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

"அவங்க சொல்லல சார். ஒரு பள்ளிக்குப் போறதுக்கு முன்னாடி அதோட பேஸ்புக்கைப் பார்த்துட்டுப் போறது எங்க வழக்கம்."

விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தில் நிறுத்தி நீட்டினார். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார்கள். திருச்செல்வம் எடுத்த படம்.

"பிள்ளைங்களுக்குப் பின்னால பாருங்க."

அவர்கள் தலைக்கு மேலே, பலகையில், அவர் போட்ட விதிப்படியே அழகான கையெழுத்தில் இருந்தன தேதியும், நேரமும், 'நன்னெறிக் கல்வி' என்ற பாடத்தின் பெயரும்.

"அன்னிக்குக் கேண்டீன்ல இதைக் காட்டித்தான் எந்த வகுப்புன்னு கேட்டேன். பார்த்ததும் அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு. மறைக்க முடியாம வகுப்பைக் காட்டிட்டு, கையெடுத்துக் கும்பிட்டாங்க சார். 'இந்தப் படத்தாலதான்னு எங்க சாருக்கு மட்டும் தெரிய வேணாம், தன் கையாலயே வகுப்பை மூடிட்டோம்னு உடைஞ்சு போயிடுவாரு. என்னைத்தான் சந்தேகப்படுவாரு, படட்டும். ரெண்டு நாள் கோவமா இருப்பாரு, அப்புறம் சரியாயிடுவாரு'ன்னாங்க."