பொம்மை மாத்திரை

"குக்கர்ல ஒரு பருக்கை மிஞ்சறதில்ல டாக்டர். கன்னம் ரெண்டும் ஆவியில வெந்த பன்னு மாதிரி உப்பியாச்சு. ஏதாவது கேட்டா எரிஞ்சு விழுறது வேற."

வீட்டில் எல்லாம் எப்படிப் போகிறது என்றுதான் டாக்டர் குரோகி கேட்டிருந்தார். மீன் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்திருந்த சனாயே கொட்டித் தீர்த்தாள். ஸ்டீராய்டு செய்கிற வேலைதான் என்று டாக்டர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

ஆறு வயது மகள் மியோவுக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகும் நோய். ஸ்டீராய்டுக்குச் சட்டென்று அடங்கியது. அடங்கிய பிறகும் நான்கு மாதம் மருந்தை நீட்டினால் திரும்ப வராமல் இருக்குமா என்று ஓர் ஆய்வு. பாதிப் பிள்ளைகளுக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத பொம்மை மாத்திரை. கசப்பில்கூட இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

இன்று மியோவுக்கு அதில் கடைசி நாள். புரதம் இல்லையென்றால் ஏப்ரலில் பள்ளிக்கூடம். இருந்தால் மறுபடி ஆஸ்பத்திரிக் கட்டில்.

நமக்கு விழுந்தது பொம்மைதான் என்று முதல் நாளே சொல்லிவிட்டான் அப்பன் தெட்சுவோ. கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவன். சனாயே காலையில் அவனுக்கு முன்னாலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், மாத்திரையைப் பொடித்துப் புட்டிங்கில் கலந்து கொடுப்பது அவன் பொறுப்பு. கிண்ணம் காலியாகாமல் ஒருநாளும் சாரத்தில் ஏறியதில்லை என்று டாக்டரிடம் அடித்துச் சொன்னான்.

நர்ஸ் சிறுநீர்ச் சோதனைப் பட்டையோடு வந்தாள். நிறம் துளியும் மாறவில்லை; புரதம் இல்லை. சனாயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

டாக்டர் மியோவின் கன்னத்தைத் தொட்டார். ஒட்டிய கன்னம். எடையும் கூடவில்லை.

"பன்னு மாதிரின்னு சொன்னீங்களே?"

"இவளையா? நான் இந்த மனுஷனைச் சொன்னேன்" என்றாள் சனாயே, மூக்கை உறிஞ்சியபடி. "ஹெல்மெட் வார்கூடத் தாடையில மாட்ட மாட்டேங்குது."

டாக்டர் பக்கத்திலிருந்த தெட்சுவோவின் உப்பிய கன்னங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, புட்டிங் எப்படி இருந்தது என்று மியோவிடம் கேட்டார்.

"கசக்கும். அதான் அப்பாவுக்கு ஊட்டிடுவேன்."

பிள்ளை ஆசையாக ஊட்டும்போது எப்படி வேண்டாமென்பது, வெறும் மாவுதானே என்று தெட்சுவோ தரையைப் பார்த்து முனகினான்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"மாவு இல்ல தெட்சுவோ சான். உங்களுக்கு விழுந்தது நிஜ மாத்திரை."