விடைத்தாள் கட்டு

குளித்துவிட்டு வெளியே வந்தபோது கட்டு அவிழ்ந்து கிடந்தது.

எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல், மாதத் தேர்வு. அவள் பள்ளியிலிருந்து சுமந்து வந்த விடைத்தாள் கட்டு.

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள். தண்டபாணி நின்றுகொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் கணவன்தான். அவளைக் கேட்கவில்லை.

"புது ஆப் ஒண்ணு போட்டிருக்கேன். அதுவே படிச்சு, மார்க் போட்டு, கூட்டியும் குடுத்துடும். எத்தனை நாளைக்கு நீயே இதோட முட்டிக்கிட்டு கிடப்ப?"

முகத்தில் அப்படியொரு பூரிப்பு. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு இல்லை.

அவள் தலையில் சுற்றிய ஈரத்துண்டோடு அப்படியே நின்றாள்.

அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை கிடையாது. சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது.

கட்டு இருந்தது.

மாலையில் அதை மேசையில் பிரித்து வைத்துச் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினால் போதும். யாரும் கிட்டே வர மாட்டார்கள். மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார். பிள்ளைகள் எழுதிய தாளில் காபி சிந்தக் கூடாது, கால் படக் கூடாது. படிப்பென்றால் அந்த வீட்டுக்கு அவ்வளவு பயபக்தி. தப்பித்தவறி மாமியார் எதற்காவது கூப்பிட்டாலும் தண்டபாணியே தடுத்துவிடுவான்.

இரண்டு மணி நேரம். அவளை யாரும் எதுவும் கேட்காத இரண்டு மணி நேரம்.

அதிலும் பாதி நாள் அவள் கொண்டுவந்தது பள்ளியிலேயே திருத்தி முடித்த கட்டு. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஏதோ ஒரு தாளை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். எதையாவது யோசிப்பாள். பெரும்பாலும் எதையும் யோசிக்க மாட்டாள். அவள் செய்த களவு அவ்வளவுதான்.

அந்த நேரத்தைத்தான் இந்த மனிதன் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறானாம்.

கெடுதல் செய்பவனோடு சண்டை போடலாம். உதவி செய்கிறேன் என்று வந்து நிற்பவனை என்ன செய்வது? அவளுக்கு அவன்மேல் வெறுப்பாக வந்தது. அந்தப் பூரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாமியார் சமையலறை வாசலுக்கு வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது.

"நல்லதாப் போச்சு. மாவு இருக்கு, நீயே வந்து தோசை ஊத்திடு. நாளையிலேர்ந்து நம்ம கோமளா பசங்களையும் சாயந்தரம் இங்க அனுப்பச் சொல்றேன். அத்தைகிட்ட படிக்கட்டும். நீ சும்மாதான இருப்ப."

கோமளா, நாத்தனார். அவளுக்கு மூன்று பையன்கள்.

சும்மாதானே இருப்பாள்.

கைப்பேசி ஒலித்தது. மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. அவள் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டு. அதை இந்தப் பீடை வாயில் போட்டு மென்று துப்பிவிட்டது.

பட்டியலின் அடியில் ஒரு பெயர் மட்டும் மதிப்பெண் இல்லாமல் நின்றது. தண்டபாணி உச்சுக்கொட்டினான்.

"யாரோ நஸ்ரினாம். பென்சில்ல எழுதித் தொலைச்சிருக்கு. படிக்க முடியலங்குது. இந்த ஒண்ண மட்டும் நீ பாத்துக்க."

நஸ்ரின். ஜன்னலோரம் உட்காரும் பெண். பேனாவில் மை தீர்ந்திருக்கும். பக்கத்தில் கேட்கப் பயந்து பென்சிலை எடுத்திருப்பாள். அந்தப் பயம் கையிலும் இருந்தது. தாளின்மேல் எழுத்து இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

அவள் தாளை வாங்கிக்கொண்டாள்.

மற்றவற்றை ஓரமாகத் தள்ளினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரே ஒரு தாள்.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

சமையலறையிலிருந்து மாமியார் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார்.

"பேப்பர் பாக்குறாம்மா, இரு," என்றான் தண்டபாணி.

பழக்கதோஷம். சொன்னபிறகு அவனே ஒரு நொடி விழித்தான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

டிவி சத்தம் குறைந்தது. மாமியாரே தோசை ஊற்றும் ஓசை கேட்டது.

அவள் நஸ்ரினின் முதல் வரியைப் படித்தாள். திரும்பவும் அதையே படித்தாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த கடையில் பெட்டி பெட்டியாகப் பென்சில் வாங்கினாள்.

வகுப்பில் ஆளுக்கொன்று கொடுத்தாள். இனிமேல் தன் பாடத்துக்கு எல்லாத் தேர்வும் பென்சிலில்தான் என்றாள். பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். சிலர் அங்கேயே சீவத் தொடங்கினார்கள். நஸ்ரின் மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

அவள் வரிசைகளுக்கு நடுவே நடந்தாள்.

முன்வரிசையில் ஒருத்தி, சீவிய பென்சிலால் தன் பெயரைக் கருகருவென்று எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல முத்துமுத்தான எழுத்து.

அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"இவ்வளவு அழுத்தாதம்மா. நஸ்ரின் மாதிரி லேசா எழுது."