குன்றிமணியின் தோல்

குழந்தை குன்றிமணியை விழுங்கிவிட்டாள் என்று பூங்காவனம் சொன்னதும் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "சிவப்பா, வெளுப்பா?" என்பதுதான்.

பூங்காவனத்துக்குப் புரியவில்லை.

"முத்திச் சிவந்ததுன்னா தோல் கல்லு மாதிரிம்மா. தண்ணி உள்ள எறங்காது. போன மாதிரியே வெளிய வந்துடும். முத்தாம வெளுத்திருந்தா தோல் ஊறிடும். உள்ள இருக்கிறது விஷம்," என்றார் அவர். "கடிச்சுதா?"

"இல்லீங்க. வேலியோரம் விளையாடிக்கிட்டு இருந்தா. வாயில போடுறதைப் பார்த்துட்டு ஓடினேன். அதுக்குள்ள முழுங்கிட்டா."

விஷத்தை உறிஞ்சும் கரிமருந்து குடித்துக் கறுத்த உதடுகளோடு மூன்று வயது யாழினி கட்டிலில் காலாட்டிக்கொண்டிருந்தாள். பூங்காவனத்தின் கணவன் ஏழுமலை வீட்டு வேலிக்கு ஓடி, கொடியிலிருந்த காய்களையெல்லாம் உருவிக்கொண்டு வந்தான். உடைத்துப் பார்த்தால், சிவந்ததும் இருந்தது, வெளுத்ததும் இருந்தது.

"இவ்ளோ சிவப்பு இருக்கும்போது வெளுத்ததையா எடுத்திருக்கும்?" என்றான்.

பூங்காவனம் விதைகளை உள்ளங்கையில் பரப்பினாள். மகளிடம் நீட்டினாள்.

"கண்ணு, நீ தின்னது எது? தொட்டுக் காட்டு. அம்மா திட்டமாட்டேன்."

யாழினி குனிந்து பார்த்தாள். அவள் விரல் ஒரு சிவப்பு விதையின் மேல் வந்தது. ஏழுமலை மூச்சை விட்டான். விரல் அங்கே நிற்கவில்லை. அடுத்த சிவப்பையும் தாண்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது.